வெல்மா லீவரை அமுக்கிய வியாழக்கிழமை

தெற்கு மிசூரியில், மேடும் காடுமாய்க் கிடக்கும் பகுதியில், ஒரே ஒரு சிக்னல் விளக்கு உள்ள ஊர் அது. அங்கே பலசரக்குக் கடையின் பின்கோடியில் இறைச்சி வெட்டும் மேடைதான் வெல்மா ஹார்கிஸின் ராஜ்யம். பன்றித் தொடை வாங்கப் போனவர் பன்றித் தொடையோடு மட்டும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. "வியாழக்கிழமை எப்படிப் போச்சு, வெல்மா?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், அவள் கையிலிருக்கும் சாஸேஜ் பொட்டலம் கைத்துப்பாக்கியாகிவிடும். வலது கையில் அதைப் பிடித்து, இடது உள்ளங்கையை மேலே கவிழ்த்துப் பற்றி, சரக்கென்று பின்னால் இழுத்துக் காட்டுவாள்.

"இப்படி. கை முழுசாப் பிடிக்கணும். கட்டைவிரலால சுரண்டிக்கிட்டு நிக்கக் கூடாது."

பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் இந்த விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி உண்டு.

விஷயம் இதுதான். கைத்துப்பாக்கியில் தோட்டா தீர்ந்ததும், அதன் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புப் பாகம், ஸ்லைடு என்பார்கள், பின்னால் போய் மாட்டிக்கொண்டு நிற்கும். காலி மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் சின்னப் பெட்டியை, உதிர்த்துவிட்டு, தோட்டா நிரப்பிய புது மேகசினைக் கைப்பிடிக்குள் செருக வேண்டும். பிறகு ஸ்லைடை முன்னால் விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். விடுவதற்கு வழி இரண்டு. இடது கையால் மேலிருந்து பற்றிப் பின்னுக்கு இழுத்து விடலாம். அல்லது பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை வலது கட்டைவிரலால் அமுக்கலாம். வீட்டுக்குள் திருடன் புகுந்து, நீங்கள் சுட்டு, தோட்டாவும் தீர்ந்து, அப்புறமும் அவன் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தால், இந்த இரண்டில் எது உங்கள் உயிரைக் காப்பாற்றும் என்பது கேள்வி.

மாவட்டத்துச் சுடுகளத்தில் வியாழக்கிழமைதோறும் கூடி இதற்காகத் தொண்டை வறளக் கத்துகிற ஒருவருக்கும் இதுவரை அப்படியொரு திருடன் வாய்த்ததில்லை. வெல்மாவின் கொட்டகைக்குள் ஒருமுறை ரக்கூன் என்கிற பூனை அளவுக் காட்டுப் பிராணி புகுந்தது. அதை அவள் துடைப்பத்தால் விரட்டினாள். துப்பாக்கி இடுப்பில்தான் இருந்தது, ஞாபகம் வரவில்லை. ஆனாலும் சண்டை சண்டைதான்.

இழுப்புக் கட்சிக்கு வெல்மா தலைவி. அமுக்குக் கட்சிக்குக் கார்லண்ட் மீக்ஸ். கார்லண்ட், சமையல் எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் அவனுக்குத் தெரியும், எல்லா நாய்க்கும் அவனைத் தெரியும். வியாழக்கிழமை மாலைப் போட்டி முடிந்ததும், தகரக் கூரைக்குக் கீழே நீளமேஜையில் உட்கார்ந்து, மான்கறியும் பீன்ஸும் போட்டுக் காய்ச்சிய காரக் குழம்பில் சோள ரொட்டியைத் தொட்டுத் தின்றபடி இரண்டு பேரும் ஆரம்பிப்பார்கள்.

"பயம் வந்தா விரல் மரத்துப்போவும், கார்லண்ட். அந்த நேரத்துல பட்டாணி சைஸ்ல ஒரு லீவரைத் தடவிக்கிட்டு இருப்பியா? ஸ்லைடுன்னா எந்தத் துப்பாக்கியிலயும் மேலதான் இருக்கு. குருடன்கூடப் பிடிச்சு இழுப்பான்."

"மரத்துப்போன விரல் ட்ரிக்கரை மட்டும் எப்படி இழுக்குது, மகராசி? மேகசினை உதிர்க்கற பட்டனை எப்படி அமுக்குது? எல்லா விரலும் ஒழுங்கா வேலைக்கு வருது, கட்டைவிரல் மட்டும் லீவு போட்டுடுச்சா?"

"உன் கட்டைவிரல் லீவு போடாது. அதுக்கு உன் மூளையைவிட அனுபவம் ஜாஸ்தி."

"நீ இழுத்து முடிக்கறதுக்குள்ள திருடன் குளிர்பெட்டியைத் திறந்து சாண்ட்விச் பண்ணித் தின்னுட்டுக் கிளம்பிடுவான்."

இப்படிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரம் பயந்துபோவார்கள், இரண்டு பேரும் கைகலப்பில் இறங்கிவிடுவார்களோ என்று. மூன்றாவது வாரம் அவர்களும் ஒரு கட்சியில் சேர்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள். காலி மேகசினைத் தரையில் விட்டுவிடுவதா, எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுவதா என்று இன்னொரு சண்டையும் உண்டு. ஆனால் அது சில்லறைச் சண்டை, அதற்குத் தலைவர்கள் கிடையாது.

வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் முதல் வியாழக்கிழமை, கட்சித் தலைவர்கள் இருவரும் எல்லோர் முன்னிலையிலும் சுட வேண்டும். தோற்ற கட்சி அன்றைக்குக் குழம்புச் சட்டிகளைக் கழுவும். அதைவிட முக்கியமான வழக்கம் வேறொன்று இருந்தது. சுடும்போது பதற்றத்தில் யாராவது நல்ல தோட்டாவைச் சுடாமலேயே வெளியே தள்ளிவிட்டால், எதிர்க்கட்சிக்காரர் அதைச் சரளையிலிருந்து பொறுக்கி, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, அதற்கு இரங்கல் உரை நிகழ்த்துவார். ஒருமுறை கார்லண்டின் தோட்டா ஒன்றுக்கு வெல்மா ஆற்றிய உரையில், அங்கே சுட வருகிற ஊர்ப் பாதிரியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

போன குளிர்காலத்தில் வெல்மாவின் இடது கை மக்கர் செய்ய ஆரம்பித்தது. முப்பது வருஷமாகக் குளிர்ந்த இறைச்சியை அழுத்திப் பிடித்த கை. கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். கத்தி பிடிப்பது வலது கை என்பதால் வேலைக்குப் பங்கமில்லை. ஆனால் ஸ்லைடை இழுக்கப் போனால் வலி சுரீரென்று முழங்கை வரை ஏறியது, பிடி நழுவியது. ஸ்லைடில் சொரசொரப்பான டேப் ஒட்டிப் பார்த்தாள். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள். சுட ஆரம்பிக்கும் முன் தோட்டா ஏற்றுவதற்கு அவசரமில்லை, ஸ்லைடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை உடம்பு பலத்தால் முன்னே தள்ளிச் சமாளித்துவிடலாம். நடுவில், டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடக்காது.

சுடுகளத்தில் ஓக் மரத்தடியில் ஒரு பெஞ்சு உண்டு. முட்டியும் கண்ணும் போனவர்கள் காப்பிக் குவளையோடு அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களிடம் எல்லோரும் அன்பாக இருப்பார்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், தட்டில் ரொட்டி வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர்களோடு யாரும் சண்டை மட்டும் போட மாட்டார்கள். வெல்மாவுக்கு அந்தப் பெஞ்சை நினைத்தால் வலியைவிட அதிகமாய்ப் பயம் வந்தது. வீட்டில் அவளோடு யாரும் சண்டை போடுவதில்லை. கணவன் டாயில் சண்டைக்கு லாயக்கில்லாத நல்லவன். பிள்ளைகள் தூரத்து ஊர்களில், போனில் கொஞ்சுகிறவர்கள். கடையில் எல்லோரும் வாடிக்கையாளர்கள். வாரம் முழுக்க அவள் வியாழக்கிழமைக்காகத்தான் பேச்சைக் கூர் தீட்டி வைத்திருப்பாள்.

ஆகவே ஜனவரியிலிருந்து, நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு, வெல்மா ஹார்கிஸ் லீவரை அமுக்கிப் பழகினாள். வேறு சர்ச்சுக்குத் திருட்டுத்தனமாகப் பிரார்த்தனைக்குப் போகிறவளைப் போல இருந்தது. படிக்கட்டில் டாயிலின் காலடி கேட்டால் துப்பாக்கியைத் துண்டுக்கடியில் தள்ளினாள்.

"என்ன பண்றே கீழ?"

"துணி மடிக்கறேன்."

"துணி மடிச்சா சடக்குச் சடக்குன்னு சத்தம் வருமா?"

"கஞ்சி போட்ட துணி."

டாயில் திரும்பிப் படியேறிவிட்டான். அவன் மரக்கடையில் கணக்குப் பார்க்கிறவன், துப்பாக்கியைத் தொட மாட்டான். வியாழக்கிழமைக் குழம்பு அவன் பொறுப்பு. மனைவியின் கை ராத்திரியில் வலித்து அவள் புரள்வது அவனுக்குத் தெரியும். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

லீவர் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். மேகசின் உள்ளே போய் இறுகியதும் கட்டைவிரல் தானாக அந்த இடத்தில் இருந்தது, லேசாக அமுக்கினால் ஸ்லைடு பாய்ந்து முன்னால் போயிற்று. கார்லண்ட் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று ஒருநாள் தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். திட்டம் எளிமையானது. ஜூன் போட்டியில் லீவரை அமுக்கி வெல்வது. கார்லண்ட் வாயைப் பிளப்பான், மேஜையில் நின்று ஆடுவான், 'மனம் திரும்பிய பாவி' என்பான். என்னவேனும் சொல்லட்டும், திருப்பிச் சொல்வதற்கு இருபது பதில்கள் அவளிடம் தயாராக இருந்தன.

ஜூன் முதல் வியாழக்கிழமை நல்ல வெளிச்சம். பெரிய சட்டியோடு டாயில் முன்னாலேயே போயிருந்தான். டைமரைப் பிடிப்பவள் இனேஸ் கின்டேரோ, மாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே முரட்டு மாடுகளை அதட்டுகிற குரலிலேயே இங்கே மனிதர்களையும் அதட்டுவாள்.

"ரூல்ஸ் எல்லாருக்கும் தெரியும். மேகசினுக்கு அஞ்சு தோட்டா, ரெண்டு மேகசின், எதிர்ல பத்து இரும்புத் தட்டு. மிச்சத் தோட்டா கிடையாது. தட்டு நின்னா நின்னதுதான். ரெண்டு பேருக்கும் சமமா விழுந்தா நேரம் பாத்துத் தீர்ப்பு. வாயை மூடிக்கிட்டுக் காதை மூடுங்க."

கார்லண்ட் முதலில் சுட்டான். வழக்கம்போல கால்சட்டையைத் தூக்கிவிட்டு, தொப்பையை உள்ளிழுத்து, ஐந்து தட்டு, லீவர், மறுபடி ஐந்து தட்டு. பத்தும் விழுந்தன. அமுக்குக் கட்சி கைதட்டியது.

"என் வேலை முடிஞ்சுது. அந்தம்மா இழுத்துட்டு வரட்டும், நான் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்" என்றான் கார்லண்ட். ஆனால் சொல்லும்போது அவன் வெல்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

டைமர் பீப் என்றது. உறையிலிருந்து துப்பாக்கி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, இரும்புத் தட்டுகள் டங் டங்கென்று சாய்ந்தன. ஐந்தாவதும் சாய்ந்தது. ஸ்லைடு பின்னால் போய் நின்றது. காலி மேகசின் விழுந்தது, புதியது உள்ளே ஏறியது, கட்டைவிரல் லீவரை அமுக்கியது, ஸ்லைடு முன்னே பாய்ந்தது. நிலவறையில் பழகியதைவிட வேகம். பின்னாலிருந்து யாரோ "ஏய், லீவரை அமுக்கிட்டா" என்றார்கள்.

அந்த நிமிஷம் அவளுடைய இடது கை, அவளைக் கேட்காமல், மேலே எழும்பிப் போய் ஸ்லைடைக் கவிழ்த்துப் பிடித்து இழுத்தது.

குளிர்காலம் முழுக்க, வேண்டும் வேண்டும் என்று கெஞ்சியபோதெல்லாம் நழுவிய கை. இன்றைக்கு, ஒரு தேவையும் இல்லாதபோது, இருபது வயதுக் கையைப் போல அமர்க்களமாக இழுத்தது. உள்ளே ஏறியிருந்த நல்ல தோட்டா தெறித்து, சாயங்கால வெயிலில் பளபளவென்று ஒரு வட்டமடித்து, சரளையில் போய் விழுந்தது. வலி அப்புறம்தான் வந்தது. தோட்டா விழுந்த சத்தத்திலேயே வெல்மாவுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மீதி நான்கையும் சுட்டாள், நான்கு தட்டு விழுந்தது. ஸ்லைடு பின்னால் போய் நின்றுகொண்டது. பத்தாவது தட்டு அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். கார்லண்ட் சரளையில் நடந்து வந்தான், குனிந்தான், தோட்டாவைப் பொறுக்கினான். கூட்டம் தயாரானது. இரண்டொருவர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெல்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இப்படியொரு தோட்டாவுக்கு இந்த மனிதன் அரை மணி நேரம் பேசுவான், பேசட்டும்.

கார்லண்ட் தோட்டாவைச் சட்டையில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"நல்லா சுட்டே, வெல்மா" என்றான். தொப்பி தலையிலேயே இருந்தது.

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இனேஸ் டைமரைப் பார்த்து எதையோ எழுதுவதுபோலப் பாவனை செய்தாள். வெல்மாவுக்கு யாரோ முகத்தில் கதவைச் சாத்தியது போலிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் நிலைமை இன்னும் மோசம். எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். தக்காளிச் செடிக்கு வந்த புழுவைப் பற்றிப் பேசினார்கள். பழைய லாரியின் கியர்பெட்டியைப் பற்றிக் கார்லண்ட் நீளமாக ஒன்று சொன்னான், அதில் சுவாரசியமே இல்லை. லீவர் என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி வெல்மாவின் தட்டில் ரொட்டியை வெட்டியே வைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஓக் மரத்தடிக்கு அவள் போகவில்லை. பெஞ்சு அவளிடம் வந்துவிட்டது.

அவள் டாயிலைப் பார்த்தாள். டாயிலின் காது சிவந்திருந்தது.

"டாயில். இவங்ககிட்ட என்ன சொல்லி வச்சே?"

"ஒண்ணும் சொல்லலயே."

"டாயில்."

"சட்டியை இறக்கும்போது... கார்லண்ட் வந்து கை கொடுத்தான். அப்ப சொன்னேன். அவளுக்குக் கை முடியல, ராத்திரி தூக்கமில்ல, கொஞ்சம் பாத்து நடந்துக்கங்கன்னு. அவ்ளோதான்." டாயில் கரண்டியைக் கீழே வைத்தான். "உன்னை எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணுவாங்கன்னு எனக்குத் தாங்கல, வெல்மா."

அவன்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் செய்த ஒரே சதி இதுதான், அதுவும் பாசத்தில் செய்தது. ஆனால் கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. எதிரில் கார்லண்ட் உட்கார்ந்து, இல்லாத ஒரு கொசுவைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கார்லண்ட் மீக்ஸ்."

"சொல்லு."

"அந்தத் தோட்டா என்ன அநாதையா? ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"எதுக்கு இப்போ... உனக்குக் கை வேற..."

"நான் கேட்டது கையைப் பத்தி இல்ல. போன வருஷம் அந்தப் பல் டாக்டர் ஒரு தோட்டாவைத் தள்ளினதுக்கு நீ பைபிள் வசனமெல்லாம் சொன்னே. அவர் கொடுத்து வச்சவர். நான் என்ன செத்தா போயிட்டேன், என்னைப் பாத்து மெதுவாப் பேச?" குரல் உடைந்தது, அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "மூட்டு ஒண்ணுதான் தேஞ்சுது. நீ என்னைத் திட்டலைன்னா நான் இங்க எதுக்கு வரணும்? குழம்புக்கா? அதை டாயில் வீட்டுலயே பண்ணுவான்."

கார்லண்ட் அவளை நன்றாகப் பார்த்தான், அன்றைக்கு முதல்முறையாக. பிறகு எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். கையை நீட்டினான். வெல்மா சட்டைப்பையிலிருந்து தோட்டாவை எடுத்து அதில் வைத்தாள்.

"அன்பர்களே" என்றான் கார்லண்ட். "இந்தத் தோட்டா நல்ல குடும்பத்துல பொறந்தது. பித்தளை மேனி. கூடப் பொறந்தது நாலு பேர், நாலு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க. இதுக்கும் ஒரு தட்டையாவது தட்டணும்னு ஆசை இருந்துது. லீவர் இதை மரியாதையா உள்ள கூட்டிட்டுப் போய், நாற்காலி போட்டு உக்கார வச்சுது. உக்காந்து மூச்சு விடல. அதுக்குள்ள ஒரு கறிக்கடைக்காரி வந்து கழுத்தைப் பிடிச்சு வெளியே எறிஞ்சுட்டா. ஏன்னு கேட்டா அவளுக்கே தெரியாது. பதினஞ்சு வருஷமா என் பேச்சைக் கேக்காதவ, இன்னிக்குப் பாதிப் பேச்சைக் கேட்டுட்டா. முழுசாக் கேக்காத பாவத்துக்கு இந்தப் பிஞ்சு உயிர்..."

அதற்குமேல் யாருக்கும் கேட்கவில்லை. இனேஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டாயில்கூடச் சிரித்தான், பிறகு மனைவியைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். வெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை, அதை மறைக்கவும் இல்லை.

"சரி, முடிச்சியா?" என்றாள். "அப்பச் சட்டியைக் கழுவக் கிளம்பு."

"நானா? நீதானே தோத்தே?"

"தோத்தது நான்தான். ஆனா நான் எதை அமுக்கினேன்? லீவரை. லீவர் அமுக்கினவ தோத்தா எந்தக் கட்சி தோத்துது? உன் கட்சி."

இழுப்புக் கட்சியில் ஒரு கரகோஷம் எழுந்தது.

"என்ன அநியாயம் இது. லீவர் தன் வேலையைச் சுத்தமாச் செஞ்சுது. தோட்டாவை எறிஞ்சது இழுப்பு. இழுப்புதான் தோத்துது."

"பயத்துல கை எங்க போச்சு? ஸ்லைடுக்குப் போச்சு. பதட்டம்னு வந்துட்டா கை ஸ்லைடைத்தான் தேடும்னு நான் இத்தனை வருஷமா எதைச் சொன்னேன்? இன்னிக்கு அத்தனை பேர் முன்னால நிரூபிச்சுக் காட்டிட்டேன்."

"நிரூபிச்சுக் காட்டினியா? அது பழக்கதோஷம்டி மகராசி. நீ பதினஞ்சு வருஷம் மூக்கைச் சொறிஞ்சு பழகியிருந்தா மூக்கைத்தான் சொறிஞ்சிருப்பே."

"அப்பப் பழக்கம்தான் எல்லாம்னு ஒத்துக்கறே. லீவருக்குன்னு தனி மகிமை ஒண்ணும் இல்ல."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"இப்பச் சொன்னே. இனேஸ், நீ கேட்டேல்ல?"

"நான் டைமர் மட்டும்தான். என்னை இழுக்காதீங்க" என்றாள் இனேஸ். "அமுக்கவும் செய்யாதீங்க."

அதற்குப் பிறகு மேஜையில் ஒவ்வொருவரும் பேசினார்கள். ரொட்டித் துண்டுகள் துப்பாக்கிகளாயின, கரண்டிகள் மேகசின்களாயின. பாதிரியார் இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் போய், மேகசினைத் தரையில் விடலாமா கூடாதா என்ற சில்லறைச் சண்டையையும் கிளப்பிவிட்டார். யார் சட்டி கழுவுவது என்று தீர்ப்பாகவில்லை. டாயில் பார்த்தான், சத்தம் போடாமல் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். அவன் எந்தக் கட்சியும் இல்லை.

கூட்டம் கலைந்து, வண்டிகளின் பக்கம் போகும்போது கார்லண்ட் அவளோடு நடந்தான்.

"ஒண்ணு சொல்லவா?" என்றான். "நீ அந்த லீவரை அமுக்கணும்னு இத்தனை வருஷமாக் கத்தியிருக்கேன். இன்னிக்கு நீ அமுக்கினதும் எனக்குச் சந்தோஷம் வரல. போச்சு, இவளும் நம்ம பக்கம் வந்துட்டா, இனிமே நான் யார்கிட்டக் கத்தறதுன்னு இருந்துது. அதான் பேச்சு வரல. டாயில் சொன்னது பாதிதான் காரணம்."

வெல்மா வண்டிக் கதவில் சாய்ந்து இடது கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். நன்றாக வலித்தது. நாளைக்குக் கடையில் விலா எலும்பு வெட்டும்போது இன்னும் வலிக்கும்.

"அடுத்த வாரம் எப்படி? லீவரா?" என்று கேட்டான் கார்லண்ட்.

"லீவர்தான். வேற வழி இல்ல."

"அப்பக் கட்சி மாறிட்டே."

"யார் சொன்னா? லீவர் சுத்த வேஸ்ட். அடுத்த வியாழக்கிழமை அதை அமுக்கிக்கிட்டே ஏன் வேஸ்ட்டுன்னு உனக்கு விளக்கிச் சொல்றேன்" என்றாள் வெல்மா. "மூட்டுவலி கைக்குத்தான் வந்திருக்கு, கார்லண்ட். வாய்க்கு வரல."

"அது எப்ப வரும்னு டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் கார்லண்ட் தன் வண்டியை நோக்கி வேகமாக நடந்தான்.